தூங்குகிறவள்போல் கிடந்தேன்

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் சபையிலும் உங்கள் பதில்களைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு வயது 51. அப்பாவுக்கு 79. 14 மாதங்களுக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறுகிறது, பழகிய காதுக்குத்தான் புரியும். அம்மா முன்பே போய்விட்டதால் அப்பா அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறார்.

எனக்கு ஒரே தம்பி, வெளியூரில் இருக்கிறான். இந்தக் கடிதமே அவனைப் பற்றித்தான். இந்த 14 மாதத்தில் நான்கு முறை வந்திருக்கிறான். நான்கு வருகையையும் கூட்டினால் 19 நாள். எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, எண்ணாமல் இருக்க முடியவில்லை. அவன் வருகிற அன்று அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விழுந்த கையைக்கூடத் தூக்கப் பார்ப்பார். நான் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அந்த அறைக்குள் போய் வருகிறேன். எனக்காக அந்தக் கை அசைந்ததில்லை. கெட்ட குமாரன் கதையைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் வயலில் இருந்து திரும்பி வந்த மூத்தவனுக்காகத்தான் எனக்கு அழுகை வருகிறது. ஊர் சுற்றிச் சொத்தை அழித்துவிட்டு வந்த தம்பிக்கு விருந்து, கூடவே இருந்து உழைத்த எனக்கு ஒன்றுமில்லையா என்று அவன் கேட்டதில் என்ன தப்பு?

பணம் அனுப்புகிறான், அதை நான் மறைக்கவில்லை. பணம் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். இரவில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைக்கலாம் அக்கா, செலவு என்னுடையது என்று இரண்டு முறை சொன்னான். பெற்ற தகப்பனுக்குக் கூலிக்கு ஆள் வைப்பதா? அவனுக்கு அப்படித்தான் தோன்றும், அவன் செய்வதில்லையே. தம்பி மனைவி ஒருமுறை அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்ட உட்கார்ந்தாள். நிமிர்த்தி உட்கார வைக்காமலே கரண்டியை வாயருகில் கொண்டுபோனாள். புரையேறினால் யார் பதில் சொல்வது? கரண்டியை வாங்கி நானே ஊட்டினேன். அடுத்த தடவை அவள் வரவில்லை. அதற்கும் நான்தான் காரணம் என்று தம்பி நினைப்பான். என் வீட்டுக்காரர் காலையில் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் நாள் முழுக்க நான் தனி ஆள்தான்.

சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகளிர் ஐக்கியத்தில் என்னை "இந்தக் காலத்து ரூத்" என்று சொல்கிறார்கள், மாமியாரைக் கைவிடாமல் கூடவே போன வேதாகம ரூத்தைப்போலவாம். போன மாதம் குடும்ப ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லச் சொல்லிப் போதகரே கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். தாழ்மை என்று அதையும் பாராட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. வாயால் புகழ்கிற இவர்களில் ஒருவராவது ஒரு சாயங்காலம் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்ததுண்டா? "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வசனத்தை அட்டையில் எழுதி அனுப்புகிறார்கள். வசனம் எனக்கும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் தம்பி வந்திருந்தான். அப்பா தூங்கின பிறகு பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று, "அக்கா, ராத்திரி அப்பா கூப்பிட்டால் உனக்குக் கேட்கிறதா?" என்று கேட்டான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. வெட்கமாக இல்லையா, 19 நாள் பிள்ளை நீ, என்னைக் கேள்வி கேட்க உனக்கு என்ன யோக்கியதை என்று கத்திவிட்டேன். அப்பாவே விழித்துக்கொண்டார். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் புறப்பட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அனுப்பிய எந்தச் செய்திக்கும் நான் பதில் போடவில்லை.

கேட்கிறதா என்று என்ன கேள்வி அது? 14 மாதமாக அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறேன். அவர் புரண்டால்கூட எனக்கு விழிப்பு வந்துவிடும். (ஒரே ஒரு ராத்திரி, அது தம்பி வருவதற்கு முன்பு, கேட்டும் எழுந்திருக்காமல் கிடந்தேன். இரண்டு தடவை கூப்பிட்டார். தூங்குகிறவள்போல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன், அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அப்போது மனதில் என்ன ஓடியது என்று எழுதப் போவதில்லை. காலையில் படுக்கை நனைந்திருந்தது. "நீ அசந்து தூங்கினே, அதான் எழுப்பல" என்றார். ஆமாம்பா, கேட்கவேயில்லை என்றேன். அது போகட்டும், ஒரு நாள்தானே, அன்று எனக்கு உடம்பும் சரியில்லை.) தினமும் எழுந்திருக்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? வருஷத்தில் சில நாள் வந்து போகிறவனுக்கு அது வாயில் வரலாமா?

அவனை மன்னிக்க வேண்டும் என்று தெரியும். ஏழெழுபது தரம் என்று படித்திருக்கிறேன். ஆனால் முதலில் அவன் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது தப்பா? ஆராதனையில் உட்கார்ந்தால் மனம் ஒட்டுவதில்லை. அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வந்துவிடுகிறேன், மூன்று மாதமாகவே அப்படித்தான். தம்பி மேல் இருக்கிற இந்தக் கசப்பை எப்படிப் போக்குவது? அதற்கு மட்டும் வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சகோதரி


அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை உங்கள் தம்பி மேல் எனக்கும் கோபம் வந்தது. இரண்டாவது முறை அந்தக் கோபம் பாதியாகிவிட்டது. மூன்றாவது முறை அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியிருந்ததை மட்டும்தான் படித்தேன்.

தம்பியைப் பற்றி மட்டும் வழி கேட்டிருக்கிறீர்கள். மன்னியுங்கள், அதை நான் தள்ளி வைக்கிறேன். 14 மாதத்தில் அவர் என்னென்னவோ செய்யாமல் இருந்திருக்கிறார். அப்போதெல்லாம் எண்ணினீர்கள், வருந்தினீர்கள், ஆனால் கத்தவில்லை. "கூப்பிட்டால் கேட்கிறதா" என்ற ஒரு கேள்விக்குத்தான் வெடித்தீர்கள். அது குத்தலான கேள்வியே இல்லை. அக்காவுக்கு வயதாகிறது, நாள் முழுக்க ஓடுகிறாள், இரவில் அசந்துவிடுவாளோ என்று கவலைப்படுகிற எந்தத் தம்பியும் கேட்கக்கூடியதுதான். இரவுக்கு ஆள் வைக்கலாம் என்று இரண்டு முறை சொன்னவர் அவர் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்வி உங்கள் வாழ்க்கையில் ஒரே ஓர் இரவின் மேல் போய் விழுந்தது. அந்த இரவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அவரை அந்த அறையிலிருந்தே துரத்த வேண்டியிருந்தது.

அந்த இரவு தம்பி வருவதற்கு முன்பு என்கிறீர்கள். தம்பி வந்தது இரண்டு மாதத்துக்கு முன்பு. திருவிருந்துக்கு முன்னால் எழுந்து போவது மூன்று மாதமாக. நான் கணக்கில் கெட்டிக்காரி இல்லை, ஆனாலும் இதைக் கூட்ட முடிகிறது. அப்பா ஒவ்வொரு ஞாயிறும்தான் வீட்டில் படுத்திருக்கிறார். திருவிருந்து இருக்கிற ஞாயிறுகளில் மட்டும் நீங்கள் ஏன் சீக்கிரம் போக வேண்டும்?

ஆகவே அந்த இரவைப் பற்றியே பேசுவோம். "அது போகட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது போகவில்லை, சகோதரி.

நான் என்ன சொல்லப் போகிறேன் என்று ஓரளவு எதிர்பார்த்திருப்பீர்கள். பாவம், களைப்பு, மனிதர்தானே, இதெல்லாம் தப்பே இல்லை என்று சொல்வேன் என்று. பாதிதான் சொல்வேன். இரவு வேறு, காலை வேறு. ஒரு வருஷத்துக்கு மேலாக முழு இரவு தூங்காத உடம்பு ஒரு நாள் "முடியாது" என்று சொன்னது. அதை நான் பலவீனம் என்பேன். காலையில் அப்பா உங்களுக்காக ஒரு நல்ல காரணம் சொன்னார், நீங்கள் "கேட்கவேயில்லை" என்றீர்கள். அது பொய். பெரிய பொய் இல்லை. ஆனால் பலவீனத்தை மூடுவதற்காகச் சொன்ன அந்த வார்த்தைதான் மூன்று மாதமாக உங்களைத் தின்கிறது. எழுந்திருக்காத இரவை அப்பா அப்போதே மன்னித்துவிட்டார். பொய்யை மன்னிக்க அவருக்கு நீங்கள் வாய்ப்பே கொடுக்கவில்லை.

"என்ன ஓடியது என்று எழுதப் போவதில்லை" என்றும் ஒரு வரி இருக்கிறது. எழுத வேண்டாம். ஆனால் நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பலர் என் முன்னால் உட்கார்ந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: "இது சீக்கிரம் முடிந்தால் நன்றாயிருக்கும்." சொன்னவுடன் தங்களைக் கொலைகாரர்போல் பார்த்துக்கொள்வார்கள். வேலை முடிய வேண்டும் என்பது வேறு, அப்பா போய்விட வேண்டும் என்பது வேறு. களைத்த மனதுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவையே கேட்டாரே, 1 இராஜாக்கள் 19இல். அதற்கு அங்கே கண்டிப்பு எதுவும் வரவில்லை. தூங்கினார். தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார், அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை எழுப்பும்போதுதான், நீ போக வேண்டிய தூரம் அதிகம் என்ற பேச்சே வருகிறது.

இனி திருவிருந்துக்கு வருகிறேன். இதில்தான் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

நீங்கள் எழுந்து போவதற்குக் காரணமாக எந்த வசனம் மனதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிக்கக் கூடாது என்று 1 கொரிந்தியர் 11இல் அப்போஸ்தலர் பவுல் எழுதியிருப்பது. பயந்த மனம் அந்த இடத்தோடு நின்றுவிடும். அடுத்த வசனத்தைப் பாருங்கள்: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து..." சோதித்துப் பார்த்துவிட்டு எழுந்து போகச் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடச் சொல்கிறது. அந்த அதிகாரம் எழுந்த சூழலையும் பாருங்கள். கொரிந்துவில் சிலர் மற்றவர்களுக்காகக் காத்திராமல் முந்திச் சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருக்க, ஒருவன் குடித்து வெறித்திருந்தான். அதைத்தான் பவுல் கண்டிக்கிறார். அவர் கோபமெல்லாம் பந்தியில் அடுத்தவனை மதிக்காதவர்கள் மேல். ஒரு நாள் இரவு அயர்ந்துபோன ஒரு மகளை வெளியே நிறுத்துவதற்காக அவர் அதை எழுதவில்லை.

முதல் திருவிருந்து நடந்த இரவை நினைத்துப் பாருங்கள். இயேசு அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தது யாருக்கு? கொஞ்ச நேரத்தில் தூங்கப் போகிறவர்களுக்கு. அப்பம் முதலில், கெத்செமனே தோட்டத்தில் அவர் வேதனையோடு ஜெபித்தது அப்புறம். சீஷர்களில் பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் அங்கே கூட்டிக்கொண்டு போய், என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். அவர் வாழ்க்கையில் மனிதர்களிடம் தமக்காகக் கேட்ட உதவிகள் மிகக் குறைவு, அவற்றில் ஒன்று இது. "ஒருமணி நேரமாவது" என்று கேட்கும்போது அந்தக் குரலில் இருக்கிற ஏமாற்றத்தை நாம் குறைத்துப் பேசக் கூடாது. வேண்டிய நேரத்தில் கூப்பிட்டு, பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்திருக்காத வலியை அவர் பட்டிருக்கிறார். அந்த இரவில் உங்கள் அப்பா கிடந்த இடத்தில் அவரும் இருந்தார் என்று சொன்னால் உங்களுக்கு வலிக்கும், தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்ததையும் சொல்ல வேண்டும்.

சுவிசேஷம் எழுதியவர்களில் மத்தேயு சொல்லும்போது அவர்கள் கண்கள் மிகுந்த தூக்கத்தில் இருந்தன என்கிறார். லூக்கா மட்டும் ஒரு வார்த்தை கூட்டுகிறார்: "துக்கத்தினாலே நித்திரைபண்ணுகிறதைக் கண்டு." பவுல் அவரைப் பிரியமான வைத்தியர் என்று ஓரிடத்தில் சொல்கிறார், அந்தத் தொழில்காரருக்கு இது கண்ணில் பட்டிருக்கிறதுபோல. துக்கம் மனிதர்களைத் தூங்க வைக்கும். அன்பில்லாததால் அவர்கள் தூங்கவில்லை. தாங்க முடியாத ஒன்று பக்கத்தில் நடக்கும்போது உடம்பு விளக்கைப்போல் தன்னை அணைத்துக்கொள்கிறது. உங்கள் கண்கள் மூடியதும் அப்படித்தான். நீங்கள் தூங்கவில்லை, நடித்தீர்கள் என்பீர்கள். சரி, நடித்தீர்கள். அதையும் வைத்துக்கொண்டே சொல்கிறேன்: ஜெபித்துவிட்டு மூன்றாம் முறை திரும்பி வந்தபோது இயேசு அவர்களைப் பார்த்து என்ன சொன்னார்? "இனி நித்திரைபண்ணி இளைப்பாறுங்கள்." அடுத்த மூச்சில், "எழுந்திருங்கள், போவோம்." தூங்கினவர்களை விட்டுவிட்டு வேறு ஆட்களைத் தேடவில்லை. போவோம் என்றார், அவர்களையும் சேர்த்து.

உங்கள் அப்பா சொன்னதை இப்போது திரும்பப் படியுங்கள். "நீ அசந்து தூங்கினே, அதான் எழுப்பல."

ஒன்று யோசிக்கிறேன், தவறாகவும் இருக்கலாம். பிள்ளைகளை வளர்த்தவர்களுக்குத் தூங்குகிற மூச்சும் தூங்குவதுபோல் நடிக்கிற மூச்சும் தெரியும். சிறுவயதில் நீங்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்ததை அவர் எத்தனை இரவு பார்த்திருப்பார்! இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாமல் நிறுத்தினாரே, அவருக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்தே நனைந்த படுக்கையில் விடியும்வரை கிடந்து, காலையில் உங்களுக்கு வெட்கம் வராதபடி ஒரு காரணத்தையும் அவரே தயாராக வைத்திருந்திருக்கலாம். பாதி உடம்பு விழுந்த ஒரு மனிதர் தம் மகளுக்குச் செய்யக்கூடியது இனிமேல் என்ன இருக்கிறது? தூங்க விடலாம். அதைச் செய்தார். உங்களுக்காக அந்தக் கை அசைவதில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

இப்போது உங்கள் கணக்குப் புத்தகத்தைப் பற்றி. நான்கு முறை, 19 நாள், இரண்டு முறை, ஒரு சாயங்காலம்கூட இல்லை. அன்பைப் பற்றிப் பவுல் எழுதிய அதிகாரத்தில் "தீங்கு நினையாது" என்று ஒரு வரி வரும். தமிழில் கேட்டால் கெட்ட எண்ணம் வைக்காது என்றுதான் நமக்குப் படுகிறது. மூல மொழியான கிரேக்கத்தில் அங்கே இருக்கிற சொல் கணக்கு எழுதுகிறவர்களின் சொல். பிறர் செய்த தீங்கை அன்பு ஏட்டில் பற்று எழுதி வைக்காது என்பது அதன் சாயல். உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் உங்களுக்கு இந்தக் கணக்கு தேவையாக இருந்தது, சுமை நிஜம், அதை யாரும் பார்க்கவில்லை என்ற வலியும் நிஜம். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு கணக்கின் வேலை மாறிவிட்டது என்று நினைக்கிறேன். தம்பியின் பக்கம் கடன் ஏற ஏற உங்கள் பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு வரி சின்னதாகத் தெரியும் அல்லவா? அதற்காகத்தான் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். நான் கடுமையாகப் பேசுகிறேன் என்று தோன்றினால், கடிதத்தில் உங்கள் கணவர் எங்கே வருகிறார் என்று தேடிப் பாருங்கள். தினமும் காலையில் மாமனாரைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற மனிதர். நீங்கள் எழுதியது, "வேலைக்குப் போய்விடுவார்."

உங்களை ரூத் என்கிறார்களாம். எனக்கு உங்கள் கடிதத்தில் ரூத்தின் மாமியார் நகோமிதான் தெரிந்தார். பெத்லகேமுக்குத் திரும்பி வந்ததும் ஊர்ப் பெண்களிடம், என்னை மாராள், அதாவது கசப்பானவள், என்று கூப்பிடுங்கள், நிறைவாகப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாகத் திரும்பக் கொண்டுவந்தார் என்று நகோமி சொல்லும்போது பக்கத்திலேயே ரூத் நிற்கிறாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் கூடவே நடந்து வந்தவள். "வெறுமை" என்ற கணக்கில் அவள் சேரவில்லை. ரூத் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பாள் என்று வேதம் சொல்லவில்லை. உங்கள் கணவரிடம் கேட்டால் ஒருவேளை தெரியும்.

சபையின்மேல் உங்களுக்கு இருக்கிற கோபத்தில் நியாயம் உண்டு. அட்டையில் வசனம் அனுப்புவதைவிட ஒரு மணி நேரம் வந்து உட்கார்வது மேல். ஆனால் யாரையாவது வாய்விட்டுக் கூப்பிட்டீர்களா? தம்பி மனைவியின் கையிலிருந்து கரண்டியை வாங்கினவருக்கு உதவி செய்ய அடுத்தவர்களும் தயங்குவார்கள். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்பது முற்றிலும் சரி. அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கரண்டியை அவரிடமே விட்டிருக்கலாம். மாற்கு 2இல் நடமாட முடியாத திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு நாலு பேர் இயேசுவிடம் சுமந்து வருகிறார்கள். நாலு மூலையையும் ஒருத்தியே பிடித்தால் படுக்கை நகராது, அப்புறம் மற்ற மூன்று பேர் வரவில்லை என்று அழுவதில் என்ன பயன்? கூலிக்கு ஆளா என்று கேட்டீர்கள். இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனை வாழ்நாள் முழுக்க மடியில் வைத்துக்கொள்ளவில்லை. ஓர் இரவு பார்த்துக்கொண்டான், மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்து ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போனான். அவனைப் போய் நாம் 'ஒரு நாள் பிள்ளை' என்று சொல்வதில்லை.

அதனால் இரவுக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், வாரத்தில் மூன்று இரவாவது. செலவு தம்பியுடையதாகவே இருக்கட்டும், அது அவர் பிடிக்கிற மூலை. நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். முதல் சில நாள் தூக்கம் வராது, காது அங்கேயே இருக்கும். சில வாரம் போயும் தூக்கம் வராவிட்டால், அல்லது "சீக்கிரம் முடியட்டும்" என்ற எண்ணம் உங்கள் உயிரைப் பற்றியதாகவே திரும்பினால், காத்திருக்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அப்பாவுக்கு மருத்துவர் தேவை என்பதை நீங்கள் விசுவாசக் குறைவாக நினைக்கவில்லையே.

அப்பாவிடம் சொல்வதுதான் பெரிய வேலை. நீளமாகச் சொல்ல வேண்டாம், அழுது அவரைத் தேற்ற வைக்கவும் வேண்டாம். அவர் தெளிவாக இருக்கிற ஒரு பகல் நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அன்னைக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் எழுந்திருக்கல. மன்னிச்சுக்குங்க" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். அன்று உடம்பு சரியில்லை என்ற காரணத்தைச் சேர்க்காதீர்கள், அது மறுபடியும் மூடி போட்டுவிடும். வலது கையைப் பிடிக்காதீர்கள், இடது கையைப் பிடியுங்கள். பதிலுக்கு அவர் அழுத்தினால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சொல்லத் தைரியம் வராத நாட்களில் யோவானின் முதல் நிருபத்தில் ஒரு வசனத்தைப் படித்துக்கொண்டிருங்கள். நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர், சகலத்தையும் அறிந்திருக்கிறார் என்பது அதன் கருத்து. அந்த "சகலத்தையும்" என்பதை முன்பெல்லாம் நான் மிரட்டலாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிக் கேட்பதில்லை. சகலமும் என்றால் அந்த ஓர் இரவு மட்டும் இல்லை, நீங்கள் எழுந்திருந்த நானூறு சொச்சம் இரவுகளும் அதில் உண்டு. (பாருங்கள், நானும் எண்ணிவிட்டேன்.)

அடுத்த திருவிருந்து ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் எழுந்திருக்காதீர்கள். அந்த ஒரு மணி நேரம் அப்பாவோடு இருக்கச் சொல்லி மகளிர் ஐக்கியத்தில் யாரையாவது முன்கூட்டியே கேளுங்கள், உங்களைப் பாராட்டினவர்களில் ஒருவரையே கேளுங்கள். அப்பாவிடம் சொன்னபின் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். தம்பியைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம், அப்போதும் பேச ஏதாவது மீதி இருந்தால்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்